பெத்தபள்ளத்துக்கு வந்த பாதுகாப்பு

ஓசூரிலிருந்து கர்நாடக எல்லையை நோக்கிப் போகிற ரோட்டில் கரகனப்பள்ளியைத் தாண்டியதும் தரை சட்டென்று முடிந்துவிடும். அதற்கு அப்பால் பெத்தபள்ளம். இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கருங்கல் சுவர், அடியில் ஓர் ஓடை, ஓடைக்கரையில் புங்கமரங்கள். தமிழ்நாட்டு அதிகாரிகள் இதைப் பெரும்பள்ளம் என்று எழுதுவார்கள். கர்நாடக அதிகாரிகள் தொட்டஹள்ளா என்று எழுதுவார்கள். சனங்கள் இரண்டு மாநிலத்திலும் பெத்தபள்ளம் என்று தெலுங்கில்தான் சொல்வார்கள். மேல் விளிம்பு தமிழ்நாட்டைச் சேர்ந்தது, அடித்தரை கர்நாடகத்தைச் சேர்ந்தது. இப்படி எல்லை போட்ட மகானுக்கு அன்றைக்கு வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விளிம்பில் மனை போட்டு விற்றார்கள். கேன்யன் வியூ நகர் என்று பெயர் வைத்து, விளம்பரத் தாளில் அமெரிக்காவில் இருக்கிற ஏதோ பள்ளத்தாக்கின் படத்தைப் போட்டு, அதன் ஓரத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்பதாக ஒட்டியிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஓசூரில் பிரேக் செய்கிற கம்பெனி ஒன்றில் ஷிப்டு பார்க்கும் சுடலைமுத்து அந்தச் சிரிப்பை நம்பிக் கடைசி வரிசையில் கடைசி மனையை வாங்கி வீடு கட்டினான். கடைசி மனைக்குத்தான் வியூ அதிகம் என்று விற்றவர் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

போன மழை முடிந்த கையோடு, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தரையில் ஒரு கீறல் தெரிந்தது. எறும்புச் சாரை போகிறது என்று முதலில் நினைத்தார்கள். பிறகு ஒருநாள் சுடலைமுத்துவின் மனைவி ரஞ்சிதா துணி காயப்போடும்போது கிளிப் ஒன்று நழுவி அதற்குள் விழுந்தது. ரஞ்சிதா குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“ஏங்க, இங்க வாங்க. கிளிப்பு உள்ள போயிட்டு. விழுந்த சத்தமே வரமாட்டேங்கு.”

சுடலைமுத்து ஒரு கூழாங்கல்லைப் போட்டுப் பார்த்தான். அதற்கும் பதில் வரவில்லை. அவர்கள் நிற்கிற தரைக்கு அடியில் தரை இல்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சுடலைமுத்து ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகள் கவிப்ரியாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டான். பள்ளத்துக்குத் தாழ்ப்பாள் தெரியாது என்று அவனுக்கும் தெரியும். வேறு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். மேலே தமிழ்நாட்டு லாரிகள் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து விளிம்பில் கொட்டிப் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தன. கீழே கர்நாடக டிராக்டர்கள் சுவரின் காலடியில் மணலைச் சுரண்டிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கத்துப் பஞ்சாயத்தும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, நீ அதை நிறுத்து, நான் இதை நிறுத்துகிறேன் என்று சொன்னால் போதும். கேன்யன் வியூ நகர் குடியிருப்போர் நலச்சங்கம் கூடி இதைத்தான் கேட்பது என்று தீர்மானித்தது. யார் வீடு முதலில் விழுமோ அவரே செயலாளர் என்றும் ஏகமனதாக முடிவானது. சுடலைமுத்து செயலாளர் ஆனான்.

முதலில் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனான். வட்டார வளர்ச்சி அலுவலர் பாஸ்கரன் படித்தவர், பொறுமைசாலி. யாரையும் கடிந்து பேச மாட்டார், யாருக்கும் எதுவும் செய்யவும் மாட்டார். மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பள்ளத்தைக் காப்பாத்தணும்னு எழுதியிருக்கீங்க. நல்ல எண்ணம். ஆனா பள்ளம்னா என்ன? நிலம் இல்லாத இடம். நிலம் இருந்தா ரெவின்யூ பார்க்கும். மரம் இருந்தா ஃபாரஸ்ட் பார்க்கும். தண்ணி இருந்தா பொதுப்பணித் துறை பார்க்கும். நீங்க காப்பாத்தச் சொல்றது நடுவுல இருக்கிற வெறும் காத்தை. காத்துக்கு இன்னும் துறை உருவாக்கலை தம்பி.”

“எங்க வீட்டுப் பின்னால தரை பொளந்து கெடக்கு சார். புள்ளைய வச்சிக்கிட்டுப் பயந்து சாவுதோம். வீடு விழுந்துட்டா என்ன சார் செய்ய?”

“விழுந்தா தாராளமா வாங்க. விழுந்ததுக்கு ஸ்கீம் இருக்கு. விழப்போறதுக்குத்தான் இல்ல.”

கர்நாடகப் பஞ்சாயத்துக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேட்கலாமே என்றான் சுடலைமுத்து. பாஸ்கரன் பதறிப்போனார். அவர் எழுதுவது சென்னைக்குப் போய், டில்லிக்குப் போய், அங்கிருந்து பெங்களூருக்கு வந்து, பிறகு படிப்படியாக இறங்க வேண்டும், நேரே எழுதினால் தன் வேலை போய்விடும் என்று விளக்கினார். அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது கர்நாடகத்துக் கோயில் ஒலிபெருக்கியில் யாரோ இருமியது சன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

சுடலைமுத்து கரகனப்பள்ளிப் பஞ்சாயத்துத் தலைவர் கங்கப்பனைப் போய்ப் பார்த்தான். கர்நாடகப் பக்கத்துத் தலைவர் முனிராஜுவின் பெயரைச் சொன்னதும் கங்கப்பன், “அந்தாளு பேர என் வாசல்ல சொல்லாத” என்று எழுந்து உள்ளே போய்விட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஹுல்லுகொல்லாப் பஞ்சாயத்துத் தலைவரான முனிராஜுவையும் போய்ப் பார்த்தான். அவர் கங்கப்பன் பெயரைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷயத்தை அவிழ்த்துச் சொன்னவள், நகருக்குப் பால் ஊற்றுகிற கரகனப்பள்ளிச் சென்னம்மாள்.

“அவங்க ரெண்டு பேரும் சம்பந்திங்கப்பா. கங்கப்பன் மக சுசித்ராவ முனிராஜு மவனுக்குத்தான் குடுத்துகீது. கல்யாணத்துக்கு மறுநாளு கறி விருந்து. ஆட்டுத் தல சம்பந்திக்குத்தான் வெக்கணும், அதான் மொற. எவனோ தெரியாம எடுத்துக்கினு போயி தாசில்தார் டிரைவருக்கு வெச்சிட்டான். முனிராஜு எலைய மடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னிலேர்ந்து ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துப் பேசறதில்ல.”

“ஒரு தலைக்கறிக்காகவா எங்க வீடு விழப் போவுது?”

“பின்ன? இன்னாத்துக்குன்னு நெனச்ச?”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெத்தபள்ளத்தின் கருங்கல் முதல் தரம். அதை வெட்ட வேண்டுமானால் மேலே தமிழ்நாட்டு விளிம்பில் நின்றுதான் வெட்ட முடியும். வெட்டியதை வெளியே எடுக்க வேண்டுமானால் கீழே கர்நாடகத்து மண்பாதை வழியாகத்தான் எடுக்க முடியும். கங்கப்பன் சம்மதித்தால் முனிராஜு சம்மதிக்க மாட்டார், முனிராஜு சம்மதித்தால் கங்கப்பன் சம்மதிக்க மாட்டார். அதனால்தான் சுற்றுவட்டாரத்தில் குன்றுகள் எல்லாம் குளமாகிவிட்ட பிறகும் பெத்தபள்ளம் மட்டும் மீந்திருந்தது. எந்தச் சட்டமும் செய்யாத காரியத்தை ஓர் ஆட்டுத்தலை செய்துகொண்டிருந்தது. இது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. பயந்து கிடக்கிறவனுக்கு யோசிக்க ஓடாது.

கேன்யன் வியூ நகர்வாசிகள் காரியக்காரர்கள். கம்பெனியில் எந்திரம் நின்றால் எங்கே நின்றது என்று பார்த்துச் சரிசெய்து ஓட்டிப் பழகியவர்கள். ஒத்துழைப்பு எங்கே நின்றது என்று பார்த்தார்கள், ஆட்டுத்தலையில் நின்றிருந்தது. எல்லையில் இருக்கிற முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டி, இரண்டு சம்பந்திகளையும் சாமி பெயரைச் சொல்லி அழைத்து, ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள். சாமி கிடாவை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் பகை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சுடலைமுத்துவே தன் கையால் தலைக்கறியை எடுத்துப் போய் முனிராஜுவின் இலையில் வைத்தான். முனிராஜு மூளையைக் கரண்டியால் எடுத்துப் பாதியைக் கங்கப்பன் இலையில் வைத்து, “தினண்டி பாவா” என்று தெலுங்கில் சாப்பிடச் சொன்னார். கங்கப்பன் கண் கலங்கினார். நகர்வாசிகள் கை தட்டினார்கள். ரஞ்சிதாவுக்கும் அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சோறு இறங்கியது.

ஒத்துழைப்பு அன்று சாயங்காலமே தொடங்கிவிட்டது.

பெத்தபள்ளம் இருமாநிலக் கூட்டுப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று அமைந்தது. முதல் கூட்டத்தில் பள்ளத்துக்கு எந்தப் பெயர் வைப்பது என்று பேசினார்கள். கங்கப்பன் தமிழில் பேசினார், முனிராஜு கன்னடத்தில் பேசினார், நடுவில் அரசு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வியர்த்துக்கொண்டு அங்கும் இங்கும் சொன்னார். டீ வந்தபோது இரண்டு சம்பந்திகளும் பேரனுக்கு மொட்டை போடுவது பற்றித் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். டீ முடிந்ததும் மறுபடி மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். பெயரை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் பள்ளத்தைப் பாதுகாக்க அதைச் சுற்றிப் பாதுகாப்புச் சுவர் எழுப்புவது என்று முடிவானது. சுவருக்குக் கல் வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்தால் செலவு ஆகும். பள்ளத்திலேயே நல்ல கல் இருப்பதாக முனிராஜு சுட்டிக்காட்டினார். அதை வெட்ட விளிம்பைத் தருவதாகக் கங்கப்பன் பெருந்தன்மையோடு சொன்னார். எடுத்துப் போகப் பாதையைத் தருவதாக முனிராஜுவும் சொன்னார். பாஸ்கரன் எழுந்து உணர்ச்சிவசப்பட்டார்.

“பள்ளத்தைக் காக்கிற சுவருக்குப் பள்ளமே கல் குடுக்குது. தற்சார்புன்னா இதுதான். இப்பப் பள்ளத்துக்குள்ள ஒரு வேலை நடக்குது. வேலை நடந்தா அது இடம். இனிமே அது வெறும் காத்து இல்ல. எங்க துறைக்குள்ள வந்துடுச்சு.”

சுடலைமுத்து கையைத் தூக்கினான். “சார், அந்தக் கல்லு மேலதான் எங்க வீடு இருக்கு.”

“அதனாலதான் உங்களைக் குழுவுல மக்கள் பிரதிநிதியாப் போட்டிருக்கோம்” என்றார் பாஸ்கரன்.

வெடி வைக்கத் தொடங்கினார்கள். முதலில் சங்கு ஊதும். பிறகு ஓர் ஆள் சிவப்புக்கொடியைக் காட்டிக்கொண்டு ஓடுவான். அதற்கப்புறம் தரை ஒருமுறை மேலே வந்து கீழே போகும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதும். கவிப்ரியா சங்கு ஊதினாலே புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். துவைக்கிற கல் இருந்த இடத்தில் அந்தக் கல்லைக் காணவில்லை. வெட்டிய கற்கள் ஹுல்லுகொல்லாப் பாதையில் வரிசையாக லாரி ஏறிப் போயின. சுவருக்கு வருகிற வழியில் அவை பெங்களூர் வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. போயின, ஒன்றும் திரும்பவில்லை.

பின்சுவரில் விரிசல் விழுந்ததும் ரஞ்சிதா அடுப்பைச் சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு மாற்றினாள். சில நாளில் சமையலறைக் கதவு மூடவில்லை, பிறகு திறக்கவில்லை. படுக்கையறைத் தரையில் கோலிக்குண்டை வைத்தால் அது தானாகப் பின்பக்கம் உருண்டு போனது. கவிப்ரியா அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். ரஞ்சிதா அந்தக் குண்டைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு அழுதாள். அடுப்பு ஹாலுக்கு வந்தது. கொஞ்ச நாளில் ஹாலையும் விட்டுவிட்டு மூன்று பேரும் முன்னால் பைக் நிறுத்துகிற போர்ட்டிகோவில் குடியிருந்தார்கள். படுக்கும்போது ரஞ்சிதா மகளின் கையைத் தன் கையோடு துப்பட்டாவால் கட்டிக்கொள்வாள்.

“ஊருக்குப் போயிருவோங்க” என்றாள். “வீடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“லோனை எவன் கெட்டுவான்? வேலைய விட்டுட்டு அங்க போயி என்னத்தத் திங்க?” என்று கேட்டான் சுடலைமுத்து.

அவன் குழுவுக்கு ஒரு புகார் எழுதினான். வெடியை நிறுத்துங்கள், வீடு சரிகிறது, குழந்தை இருக்கிறது என்று கெஞ்சி எழுதினான். ஒரு வாரத்தில் அது தபாலில் அவனுக்கே வந்தது. குடியிருப்போர் சம்பந்தப்பட்ட புகார் என்பதால் மக்கள் பிரதிநிதியின் விளக்கத்துக்கு அனுப்பப்படுகிறது என்று மேலே எழுதியிருந்தது. விளக்கம் தராவிட்டால் நடவடிக்கை உண்டு. சுடலைமுத்து ஒன்றும் விளங்காமல், புகார் உண்மைதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். பிரதிநிதி விளக்கம் அளித்துவிட்டதால் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று பதில் வந்தது.

இதற்கு நடுவில் ஒத்துழைப்புப் பெருவிழா அறிவித்தார்கள். இரண்டு தலைவர்களும் ஒன்றாகப் பொத்தானை அழுத்திப் பெரிய வெடி ஒன்றை வெடிப்பார்கள், மாணவிகள் பூமித்தாய் நடனம் ஆடுவார்கள் என்று அழைப்பிதழில் இருந்தது. மேடை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். தமிழ்நாட்டு அதிகாரிகள் அனுமதி இல்லாமல் மாநிலத்தைத் தாண்டக் கூடாது. கர்நாடக அதிகாரிகளும் தாண்டக் கூடாது. எல்லை சரியாக விளிம்பில் இருப்பதால், மேடையின் பாதி விளிம்பிலும் பாதி பள்ளத்தின் மேலே சாரம் கட்டி அந்தரத்திலும் போடுவது என்று முடிவானது. தமிழ்நாட்டு நாற்காலிகள் தரையிலும் கர்நாடக நாற்காலிகள் காற்றிலும் இருக்கும். இதற்குத் தோதான இடம் சுடலைமுத்துவின் கொல்லைப்புறம் என்று பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்தார்.

சுடலைமுத்து கங்கப்பன் காலில் விழுந்தான். “அய்யா, அந்த எடம் தாங்காது. அத்தனை சனம் ஏறுனா மொத்தமா போயிரும். சொன்னாக் கேளுங்க அய்யா.”

“நீ ஒருத்தன் போதும்ப்பா, நல்ல காரியத்துல அபசகுனமாப் பேசறதுக்கு” என்றார் கங்கப்பன். “எந்திரி. விழாவுல உனக்குத்தான் மொதல் சால்வ.”

பள்ளிக்கூடத்திலிருந்து நடனத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் கவிப்ரியாவும் இருந்தாள். ரஞ்சிதா பள்ளிக்குப் போய் முடியாது என்று சொன்னாள். கூட்டு நிகழ்ச்சியில் பங்கேற்காத பிள்ளைகளின் பெற்றோர் ஒத்துழைக்காதவர்கள் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியை வருத்தத்தோடு சொன்னார். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று ரஞ்சிதா கேட்டாள். அது தனக்கும் தெரியாது என்றும், தெரியாததால்தான் பயமாக இருக்கிறது என்றும் தலைமையாசிரியை சொன்னார்.

விழா அன்று காலையிலிருந்தே சுடலைமுத்துவின் கொல்லையில் ஜெனரேட்டர், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள், வாட்டர் கேன்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள். இரண்டு மாநிலத்திலிருந்தும் சனம் வந்து குவிந்தது. தரையில் இருந்த வெடிப்பு அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று அதன் மேல் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். மேடையில் பச்சைப் பாவாடை கட்டி, தலையில் காகித இலை வைத்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கவிப்ரியா பள்ளத்தை ஒட்டிய ஓரத்தில் நின்றாள். கூட்டத்தில் அப்பா எங்கே என்று அவள் கண் தேடிக்கொண்டே இருந்தது.

கங்கப்பன் மைக்கைப் பிடித்தார். “எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தப் பள்ளம் இங்கதான் கீது. ஒரு தலைவனாவது தொட்டானா? ஒரு கல்ல எடுத்தானா? அனாதையாப் போட்டு வெச்சிருந்தாங்க. எங்க காலத்துலதான் இதுக்கு ஒரு கவனிப்பு. எங்க சம்பந்தியும் நானும் உயிரோட இருக்கற வரைக்கும் இந்தப் பள்ளத்த விட மாட்டோம். அதுக்கப்பறம் எங்க பேரன் பாத்துக்குவான்.”

முனிராஜு கன்னடத்தில் அதையே சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். கூட்டம் கங்கப்பன் சொன்னதையே மறுபடியும் கேட்டுக் கை தட்டியது.

பாஸ்கரன் பேசினார். “இந்தத் திட்டத்தால யாருக்கும் பாதிப்பு இல்லைன்னு உறுதியாச் சொல்றேன். ஏன்னா, வந்த ஒரே ஒரு புகாரையும் புகார் குடுத்தவரே விசாரிச்சு முடிச்சுட்டார்.”

சுடலைமுத்துவை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் மைக்கை வாங்கி, “எல்லாரும் எறங்கிருங்க. தயவுசெஞ்சு எறங்கிருங்க. இது விழப் போவுது” என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். மொழிபெயர்ப்பாளர் கர்நாடகப் பக்கம் திரும்பி, அவர் மகிழ்ச்சியில் தழுதழுக்கிறார் என்று சொன்னார். இரண்டு மாநிலமும் கை தட்டின.

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. சம்பந்திகள் இருவரும் மாலையோடு எழுந்து, மேசையில் வைத்திருந்த பொத்தானை நோக்கி ஆளுக்கொரு விரலை நீட்டிப் படத்துக்காகச் சிரித்தார்கள். அப்போது சுடலைமுத்து கீழே பார்த்தான். சிவப்புக் கம்பளம் நடுவில் தொய்ந்து, மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பந்தல்கால் ஒன்று கம்பளத்தோடு சேர்ந்து சத்தமில்லாமல் கீழே போனது.

அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரே பாய்ச்சலில் போய்க் கவிப்ரியாவை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேடையிலிருந்து குதித்து, வாய்விட்டு அலறிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினான்.

ஓசூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பழக்கம் உண்டு. தரையில் வெடிப்பு என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒருவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலறி ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காட்டிலிருந்து ராகிக் கொல்லைக்கு யானை இறங்கிவிட்டது. ஏன் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கிறவன் அடுத்த வருஷம் ராகி விதைக்க இருக்க மாட்டான்.

“ஆனெ! ஆனெ வந்திருச்சு!” என்று யாரோ கத்தினார்கள். அது போதுமானதாக இருந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்தது. டீச்சர்கள் பிள்ளைகளைக் கைக்கு அகப்பட்டபடி இழுத்துக்கொண்டு ஓடினார்கள். காற்றில் உட்கார்ந்திருந்த கர்நாடக அதிகாரிகள் எந்த அனுமதியும் வாங்காமல் தமிழ்நாட்டுக்குள் ஓடி வந்தார்கள். பாஸ்கரன் ஒற்றைச் செருப்போடு ஓடினார். சம்பந்திகள் இருவரும் தங்கள் தாய்மொழியில் அலறிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி ஓடினார்கள். ஓடின அவசரத்தில் மேசை கவிழ்ந்தது. யாருடைய கால் பொத்தானின் மேல் பட்டது என்பது இன்றுவரை தெரியவில்லை.

சத்தம் காவேரிப்பட்டணம் வரை கேட்டது என்று பின்னால் சொன்னார்கள். மேடையும் பந்தலும் நாற்காலிகளும் போயின. பின்னாலேயே சுடலைமுத்துவின் சமையலறையும் படுக்கையறையும் ஹாலும் ஒவ்வொன்றாகப் போயின. ரோட்டோரத்தில் ரஞ்சிதா மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுடலைமுத்து மகளின் கை, கால், தலை என்று தடவித் தடவிப் பார்த்தான். பார்த்து முடித்ததும் திரும்பவும் முதலிலிருந்து தடவினான். புழுதி அடங்கியபோது போர்ட்டிகோ மட்டும் பைக்கோடு நின்றது. ஓர் உயிரும் போகவில்லை.

கூட்டுக் குழு அவசரமாகக் கூடியது. இத்தனை பெரிய நிகழ்வில் ஓர் உயிர்கூடச் சேதமாகாமல் காத்தது இருமாநில ஒத்துழைப்பே என்று நன்றித் தீர்மானம் போட்டது. வராத யானையை வந்ததாக நம்பவைத்து விழாவைக் கெடுத்ததற்காகச் சுடலைமுத்து மேல் வனத்துறைக்குப் புகார் எழுதினார்கள். விழுந்ததுக்கு ஸ்கீம் இருக்கிறது என்று பாஸ்கரன் சொன்ன ஞாபகத்தில் சுடலைமுத்து அவரிடம் போனான்.

“இருக்கு தம்பி. ஆனா தமிழ்நாட்டுல விழுந்த வீட்டுக்குத்தான். உங்க வீடு விழுந்து கெடக்கிறது கர்நாடகாவுல. அவங்க ஸ்கீம் கர்நாடகாவுல நின்ன வீட்டுக்கு.”

“அப்போ மிச்சம் நிக்கிற போர்ட்டிகோவுக்கு?”

பாஸ்கரனின் முகம் இறுகியது. “அதைப் பத்தித்தான் நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன். பள்ளம் இப்ப பெரிசாயிடுச்சு. உங்க போர்ட்டிகோ பாதுகாக்கப்பட்ட பள்ளத்தோட எல்லைக்குள்ள வந்துடுச்சு. நீங்களே மனு போட்டுப் பாதுகாக்கச் சொன்ன இடத்தை நீங்களே ஆக்கிரமிக்கலாமா? நீங்களே எடுத்துட்டா மரியாதை. இல்லன்னா நாங்க வந்து எடுக்க வேண்டியிருக்கும்.”

சுடலைமுத்து ஓசூரில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை பிடித்துக் குடும்பத்தைக் கொண்டு வந்தான். பள்ளம் அங்கிருந்து வெகுதூரம். இருந்தாலும் கம்பெனி பஸ் தெருவில் திரும்பும்போது தரை அதிர்ந்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னம்மாள் பஸ் பிடித்து அவர்களைத் தேடி வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“எங்க மாட்டுக் கொட்டாயில தர பொளந்துக்கினு வருதுப்பா. கையி உள்ள போவுது. ராத்திரியெல்லாம் கண்ணு மூட முடியில. நீதான் வெவரம் தெரிஞ்சவன். யாரப் பாக்கணும், இன்னான்னு சொல்லணும், எங்க தெருவுக்கு ஒரு மனு எழுதிக் குடு சாமி.”

சுடலைமுத்து எழுந்து போய்த் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து சென்னம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, மாட்டை அவுத்துக்கிட்டு இன்னைக்கே கெளம்பி வந்துருங்க. இந்த ஒத்த ரூமுல எங்ககூட இருந்துக்கிடலாம். ஆனா வெடிப்பைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டுராதிய. தெரிஞ்சா காப்பாத்த வந்துருவாங்க.”